கவனம் சிதறாமல் ஓட்ட: வண்டி நகரும் முன்பே பாதி வேலை

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் கடந்துவிடும். போனில் வந்த செய்தியை ஐந்து நொடி படித்தால், 125 மீட்டர் தூரம் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாகத்தான் கணக்கு. ஓடும் வண்டியில் மனக்கட்டுப்பாட்டை நம்புவதைவிட, சபலம் வரும் வழியை முன்பே அடைத்துவிடுவது சுலபம்.

சீட், கண்ணாடிகள், ஏசி எல்லாவற்றையும் நிற்கும்போதே சரிசெய்துகொள்ளுங்கள். போகும் இடத்தை மேப்பில் போட்டு, குரல் வழிகாட்டலை ஆன் செய்து, முதல் இரண்டு மூன்று திருப்பங்களை ஒருமுறை பார்த்து வையுங்கள். போனை டிரைவிங் மோடுக்கு மாற்றிப் பின்சீட்டுப் பைக்குள் போட்டுவிடுவது நல்லது. மேப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஹோல்டரில், சாலையை மறைக்காமல், ஏர்பேக் விரியும் இடத்தை விட்டு விலக்கி, கண் மட்டத்துக்குச் சற்றே கீழே பொருத்துங்கள். மடியில் வைப்பதுதான் மிக மோசம்: தலை குனிந்தபின் முன்னால் எரியும் பிரேக் விளக்கு ஓரப்பார்வையில்கூடப் படாது.

உருளும் பொருள் எதுவும் ஓட்டுநர் காலடியில் இருக்கக் கூடாது. தண்ணீர் பாட்டில் பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கினால் பெடல் முழுதாக இறங்காது. ஓடும்போது ஏதாவது விழுந்தால் விழுந்தபடியே கிடக்கட்டும். குனிந்து தேடும்போது ஸ்டியரிங்கும் கையோடு சேர்ந்து திரும்பும்.

கார் திரையைத் தொட்டுத்தான் ஆக வேண்டுமா? ஒரு பார்வை இரண்டு நொடிக்கு மேல், ஒரு வேலைக்கு மொத்தம் 12 நொடிக்கு மேல் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்க வைக்கக் கூடாது என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2013இல் கார் நிறுவனங்களுக்குச் சொன்ன வரம்பு. அது அதிகபட்சம்தான், அதுவரை பார்க்கலாம் என்ற அனுமதி அல்ல. பாட்டு மாற்ற ஸ்டியரிங் பட்டன் இருந்தால் அதையே பழகுங்கள்.

புளூடூத்தில் பேசினால் ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். கை ஸ்டியரிங்கில் இருக்கும், கண் சாலையில் இருக்கும், மனம் மட்டும் பேச்சில் இருக்கும். பார்வைக்கு நேராகச் சிக்னல் சிவப்புக்கு மாறினாலும் அது மூளையில் பதியாமல் போவது இப்படித்தான். பக்கத்து சீட்டில் இருப்பவர் நெரிசலைக் கண்டால் தானே பேச்சை நிறுத்துவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு அந்த நெரிசல் தெரியாது. அழைப்பு வந்தால் எடுக்காமல், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தித் திரும்பக் கூப்பிடுங்கள்.

சிவப்பு சிக்னலில் நிற்கும்போதும் போன் வேண்டாம். குரல் கட்டளை கொடுத்து முடித்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 நொடி வரை ஆகலாம் என்று யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் கண்டார்கள். 40 கி.மீ. வேகத்தில் அது 300 மீட்டர். பச்சை விழுந்ததும் கிளம்பிவிடுவீர்கள், மனம் பின்னாலேயே நிற்கும்.

பழகிய நேர்சாலையில் மனம் தானே அலையத் தொடங்கும். கடைசியாகக் கடந்த வேக வரம்புப் பலகையில் என்ன எண் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லையென்றால் அலைந்துவிட்டது. சில நொடிக்கு ஒருமுறை கண்ணாடிகளைப் பார்ப்பதும், முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதும் நாம் அங்கே போய்ச் சேர மூன்று நொடி ஆகிறதா என்று எண்ணுவதும் மனதை இழுத்து வரும்.

தூக்கக் கலக்கம் வேறு விஷயம். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைக் கூட்டுவதும் சில நிமிடம்தான் தாங்கும். கண் சொருகினாலோ, லேனை விட்டு விலகினாலோ உடனே ஒதுங்கி நிறுத்துங்கள். ஒரு காபி குடித்துவிட்டு 15 முதல் 20 நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். விழித்ததும் சாவியைத் திருப்பாமல், இறங்கிச் சில நிமிடம் நடந்துவிட்டு ஏறுங்கள். அதன் பிறகும் கொட்டாவி வந்தால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம்.