வன்னியிலிருந்து மலையகத்துக்குச் சைக்கிளில்: கோடைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

வன்னியில் சைக்கிள் ஓடிப் பழகிய கால்களுக்குத் தூரம் ஒரு பொருட்டே அல்ல. வவுனியாவிலிருந்து தம்புள்ளை வரையான சுமார் 100 கிலோமீற்றரை, விடிந்ததும் புறப்பட்டால் வழியில் ஆறுதலாக உணவருந்தியும் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம். ஆனால் அதே நம்பிக்கையோடு கண்டியிலிருந்து நுவரெலியா வரையான 75 கிலோமீற்றர் சொச்சத்துக்கு ஒரே நாளை ஒதுக்கினால், அந்தத் திட்டம் வழியிலுள்ள றம்பொடையைத் தாண்டாது. கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருப்பதே அதற்குக் காரணம். ஆகவே மலைப் பயணத்துக்கான நாட்குறிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அன்றைய ஏற்றத்தை முதலில் எழுத வேண்டும். கிலோமீற்றரை அதன் பின்னர் எழுதினால் போதும். பொதியோடு ஏறுகிற சராசரி மனிதர் மணிக்கு 300 மீற்றர் உயரம் ஏறுவார் என்று கணக்கிட்டு, ஒரு நாளின் மொத்த ஏற்றத்தை 800 மீற்றருக்குள் அடக்கிக்கொள்வது நல்லது.

அடுத்ததாகக் காலத்தைத் தீர்மானிக்க வேண்டும். மலையகத்துக்கு மிகவும் ஏற்ற மாதங்கள் மாசியும் பங்குனியும்தான். எனினும் பாடசாலை விடுமுறையும் வயல் வேலையும் நம்மில் பலரைச் சித்திரைக்கோ ஆவணிக்கோ தள்ளிவிடுகின்றன. சித்திரையில் பிற்பகல்தோறும் இடிமின்னலோடு மழை கொட்டும். நுவரெலியாவில் வசந்தகால விழா நடப்பதால் வாகன நெரிசலும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவக்காற்று கம்பளை, நுவரெலியா போன்ற மேற்குச் சரிவுகளை நனைத்துக்கொண்டிருக்க, மலையின் மறுபுறத்திலுள்ள வெலிமடை, பண்டாரவளை, பதுளைப் பகுதிகள் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். மேற்குச் சரிவில் ஏறும் இரண்டு நாட்களில் நனையத் தயாராக இருந்து, மீதி நாட்களை மறுபுறத்திலுள்ள அந்த ஊவாப் பக்கத்தில் கழிப்பதாகத் திட்டமிட்டால் ஓகஸ்ட் விடுமுறையும் நல்ல காலமே. கண்டிப் பெரஹரா ஊர்வலம் நடைபெறும் நாட்களில் மட்டும் அந்நகருக்குள் நுழையாதிருப்பது நல்லது.

சைக்கிளைப் பொறுத்தவரை, புதிதாக ஒன்று வாங்க வேண்டுமா என்ற கேள்விக்கு, பற்சக்கரங்களின் பற்களை எண்ணிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். வீட்டில் நிற்கும் சாதாரண லுமாலா சைக்கிளின் முன் பற்சக்கரத்தில் 46 பற்களும் பின் ஃப்ரீவீலில் 18 பற்களும் இருந்தால், பெடலை ஒரு முறை மிதிக்கும்போது பின்சில்லு இரண்டரை முறை சுற்றும். நமது சமவெளிக்கு அது பொருத்தமானது; றம்பொடை ஏற்றத்திலோ முழங்காலைக் கெடுத்துவிடும். கியர் சைக்கிளாக இருந்தால், முன்னேயுள்ள மிகச் சிறிய பற்சக்கரத்திலும் பின்னேயுள்ள மிகப் பெரிய பற்சக்கரத்திலும் பற்கள் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முன்னே 34, பின்னே 34 என்றால் மிகச் சிறப்பு. கியர் இல்லாத சைக்கிளில் போக விரும்புகிறவர் பின்னே 22 பல் ஃப்ரீவீலைப் பூட்டிக்கொண்டு, செங்குத்தான இடங்களில் இறங்கி உருட்டுவதற்கான நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும். உருட்டிச் செல்வதில் எந்தக் குறைவும் இல்லை.

மலையே இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி எடுப்பது என்று கேட்பவர்களுக்குத் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றைத்தான் காட்டுவேன். ஆனி, ஆடி மாதங்களில் பரந்தனிலிருந்து பூநகரி நோக்கியோ, இரணைமடுக் குளக்கட்டில் காற்றுக்கு எதிராகவோ ஓடிப் பாருங்கள். மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும் என்ற அந்த நிலைமைதான் ஏற்றத்திலும் இருக்கும். பயணத்தில் கொண்டுபோகவுள்ள முழுப் பொதியையும் கரியரில் கட்டிக்கொண்டு, வாரத்தில் மூன்று நாட்களாக ஆறு வாரங்கள் ஓடினால் கால்களும் இருக்கையும் பழகிவிடும்.

வழியைப் பின்வருமாறு பிரிக்கலாம். முதல் நாள் வவுனியாவிலிருந்து ஏ9 வீதியால் மதவாச்சி, மிகிந்தலை ஊடாகத் தம்புள்ளை. காற்று வலது முன்புறத்திலிருந்து வரும் என்பதால் முற்பகலிலேயே பெரும்பகுதியை முடித்துவிட வேண்டும். யானை நடமாட்டமுள்ள பகுதிகள் இருப்பதால் வெளிச்சம் வரும் முன் புறப்படக் கூடாது. இரண்டாம் நாள் நாவுல, நாலந்த வழியாக மாத்தளை. நிலம் மெல்ல மெல்ல உயரத் தொடங்குவதை அங்கேதான் கால்கள் உணரும். மூன்றாம் நாள் கண்டிக்குப் போய் அரை நாள் ஓய்வு. நான்காம் நாள் கம்பளை வழியாகப் புசல்லாவை அல்லது றம்பொடை. ஐந்தாம் நாள் தேயிலைத் தோட்டங்களுக்கூடாக நுவரெலியா. ஆறாம் நாள் ஹக்கலை, வெலிமடை வழியாகப் பண்டாரவளை. அங்கிருந்து எல்ல, பதுளை வரை மெதுவாகப் போகலாம்.

ஏற்றத்தில் நிதானம் இருந்தால் போதும். ஆபத்து இறக்கத்தில்தான் இருக்கிறது. நுவரெலியாவிலிருந்து வெலிமடை நோக்கி இறங்கும்போது பிறேக்கைத் தொடர்ந்து அழுத்திப் பிடித்தால் ரிம் கையால் தொட முடியாத அளவுக்குச் சூடேறி, ரியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன்பாகவே இரண்டு பிறேக்கையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, நேரான துண்டில் விட்டுவிட்டு, சில கிலோமீற்றருக்கு ஒரு தடவை நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். புறப்படுவதற்கு முன் பிறேக் கட்டைகளையும் கம்பிகளையும் புதிதாக மாற்றிவிடுங்கள்; செலவு குறைந்த, ஆனால் உயிரோடு சம்பந்தப்பட்ட வேலை அது. கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்துகள் வீதியின் முழு அகலத்தையும் எடுத்துக்கொள்ளும் என்பதால், ஹோர்ன் சத்தம் கேட்டதும் ஓரமாக நின்று வழிவிடுவதே முறை. பனிமூட்டத்துக்கெனப் பின்விளக்கும் வெளிர் மஞ்சள் மேலங்கியும் கட்டாயம் தேவை.

நுவரெலியாவில் இரவு வெப்பநிலை 12 பாகை அளவுக்கு இறங்குவது சாதாரணம். வன்னி வெயிலில் வளர்ந்த உடலுக்கு அது கடும் குளிர். ஏறும்போது வியர்வையில் நனைந்த உடுப்போடு இறக்கத்தில் இறங்கினால் விறைத்துவிடும். காற்றுப் புகாத மேலங்கியும் மாற்று பெனியனும் பொதியின் மேலாகவே இருக்கட்டும். வழிச் சாப்பாட்டுக்கு எள்ளுருண்டையும் பனங்கட்டியும் கொண்டுபோகலாம். இரண்டும் பழுதாகாது, ஏற்றத்தில் உடனே பலம் தரும்.

2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலையகத்தின் வீதிகளையும் தொடருந்துப் பாதையையும் மண்சரிவுகளால் சிதைத்தது. ஆதலால் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதைப் புறப்படும் வாரத்தில் விசாரித்தே தீர வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும், 1990 நோயாளர் காவு வண்டி இலக்கத்தையும் தொலைபேசியில் பதிந்து வைத்திருங்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் நமது ஊர்களில் ஏராளம். அவர்களிடம் கேட்டால் தோட்டத்து உறவினரின் வீடும், எந்தக் குறுக்குப் பாதையில் தண்ணீர் கிடைக்கும் என்ற விபரமும் தெரியவரும். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் அது.

திரும்பி வருவதற்கு, வெலிமடைப் பக்கமிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் லொறிக்காரரிடம் பேசிப் பார்க்கலாம். தம்புள்ளையிலிருந்து வடக்கே ஓடினால் சோளகம் முதுகுப் பக்கமிருந்து தள்ளிவிடும். மழைக்கும் மண்சரிவுக்குமென ஒரு நாளை வெறுமையாக விட்டு வைத்து, வேலைத்தளத்தில் விடுமுறை கேட்கும்போது அந்த நாளையும் சேர்த்தே கேளுங்கள்.