கர்னல் ஓய்வுபெற்று ராயபுரம் வருகிறாரா? இப்படி மரியாதை செய்யுங்கள்

ராணுவத்தில் பணி ஓய்வு பொதுவாக மாதத்தின் கடைசி நாளில்தான், அதனால் பாராட்டு விழாவை அவர் ஊர் வந்து இறங்கி மூச்சுவிட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வையுங்கள்.

பேனரில் ‘முன்னாள் கர்னல்’ என்று தயவுசெய்து போடாதீர்கள். பதவி கடைசிவரை அவருடையது: பெயருக்கு முன் கர்னல், பெயருக்குப் பின் அடைப்புக்குறியில் ஓய்வு, அவ்வளவுதான். பதக்கங்களைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுக் கொடுப்பது அருமையான பரிசு, ஆனால் அவற்றுக்கென்று வரிசை உண்டு, ரிப்பன் நிறம் பொருந்துகிறதே என்று இடம் மாற்றி அடுக்கிவிடாமல் அவர் சீருடையில் எப்படி இருந்ததோ அப்படியே வையுங்கள்.

அப்புறம், முதல் பொன்னாடை அவர் மனைவிக்கு. குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத எல்லைப் பணிக்காலத்தில் வீட்டைத் தனியாகச் சுமந்தவர் அவர்தானே.

மேடையில் கட்சிக்காரர்களைவிட, அவரோடு பணியாற்றிய ஒரு ஜவானைப் பேசச் சொல்லுங்கள்.