பள்ளி ஆசிரியரைப் பற்றிய நினைவை எழுதும் முறை

ஆசிரியரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பலரும் முதல் வரியிலேயே "கண்டிப்பானவர், ஆனால் அன்பானவர்" என்று எழுதிவிடுகிறார்கள். எந்த ஊரின் எந்த ஆசிரியருக்கும் பொருந்துகிற வரி அது என்பதால், அதன் பிறகு எத்தனை பக்கம் எழுதினாலும் உங்களுக்குப் பாடம் நடத்திய அந்த ஒருவர் தாளில் வந்து நிற்பதில்லை. ஆகவே குணத்தைச் சொல்லும் சொற்களைக் கடைசிவரை தள்ளி வையுங்கள். கண்ணும் காதும் சேர்த்து வைத்திருப்பவற்றை முதலில் எழுதுங்கள். வகுப்புக்குள் நுழைந்ததும் அவர் என்ன செய்வார், திருத்திய விடைத்தாளைக் கையில் கொடுப்பாரா, மேசையிலிருந்து வீசுவாரா, வருகைப் பதிவேட்டைப் படிக்கும்போது யாருடைய பெயரில் அவர் குரல் மாறும் என்பவை போன்ற செய்திகளே உங்களுக்கு வேண்டிய மூலப்பொருள்.

என் ஏழாம் வகுப்புப் புவியியல் ஆசிரியர் "நன்றாகப் பாடம் நடத்துவார்" என்பதே நெடுங்காலம் அவரைப் பற்றிய என் நினைவாக இருந்தது. எழுத முயன்றபோதுதான் அவருடைய கை நினைவுக்கு வந்தது. தமிழ்நாட்டு வரைபடத்தை அவர் புத்தகத்தைப் பாராமலே கரும்பலகையில் வரைவார். பழவேற்காட்டில் தொடங்கிய கோடு சென்னை, கடலூர் வழியாக இறங்கி, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்கும்போது, "இங்கே கடல் உள்ளே வருகிறது, வழி விடுங்கள்" என்பார்; முதல் வரிசையில் இருந்த நாங்கள் உண்மையாகவே சற்று நகர்ந்து உட்காருவோம். இந்த ஒரு காட்சி கிடைத்த பிறகு, அவர் நல்லாசிரியர் என்று தனியே சொல்ல வேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை.

நினைவு தானாக வராதபோது பொருள்களைத் தேடுங்கள். பழைய மதிப்பெண் அட்டையில் உள்ள கையெழுத்து, ரெக்கார்டு நோட்டில் சிவப்பு மையில் எழுதப்பட்ட குறிப்பு, வகுப்புக் குழுப் படம் ஆகிய மூன்றும் பெரும்பாலான வீடுகளில் எங்காவது கிடைக்கும். குழுப் படத்தில் நாற்காலியில் அமர்ந்தவர்களை மட்டும் பார்க்காமல், ஓரத்தில் நிற்கும் கைத்தொழில் ஆசிரியரையும் டிரில் மாஸ்டரையும் பாருங்கள். நம் மறதிக்கு முதலில் ஆளாகிறவர்கள் அவர்களே. பிறகு, கண்ணை மூடிக்கொண்டு வகுப்பறைக்குள் நடந்து சென்று, உங்கள் பெஞ்சில் உட்கார்ந்து, சன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துக் கரும்பலகைக்குப் பூசிய அனுபவம் உள்ளவர்களுக்கு அந்தப் பச்சை வாடையே பாதி வகுப்பைத் திருப்பித் தந்துவிடும்.

ஆண்டு குழம்பினால், ஊரறிந்த நிகழ்ச்சிகளைக் கொண்டு சரிபார்க்கலாம். அது சத்துணவுத் திட்டம் தொடங்கிய 1982க்கு முன்பா, பின்பா? இந்திரா காந்தி கொல்லப்பட்ட 1984 அக்டோபர் 31 அன்று எந்த ஆசிரியர் உங்களை வீட்டுக்கு அனுப்பினார்? 1978இல் மேல்நிலை வகுப்புகள் தொடங்குவதற்கு முன் படித்தவர்களுக்குப் பள்ளி இறுதி வகுப்பு 11ஆம் வகுப்பாக இருந்ததும் ஒரு நல்ல அடையாளம்.

மனத்தைப் புண்படுத்திய ஆசிரியரைப் பற்றி எழுதுவதுதான் கடினமான பகுதி. எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும் என்று படித்து வளர்ந்த நமக்கு, ஆசிரியரின் குறையைச் சொல்வதே நன்றி மறந்த செயலாகத் தோன்றுகிறது. ஆனால் நம் மரபே அந்தத் தயக்கத்தைக் காட்டவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் மலரையும் உவமை சொல்லிய கையோடு, ஆசிரியராகத் தகாதவர்களையும் நான்கு உவமைகளால் காட்டுகிறது. போட்ட முறையில் அல்லாமல் கலைத்துக் கொட்டும் கழற்காய்க் குடம், யாரையும் ஏறவிடாமல் தானாக உதிர்ப்பதை மட்டும் தரும் கருக்குள்ள பனை, அடைப்பதற்கும் எடுப்பதற்கும் பாடுபடுத்தும் பருத்திக் குண்டிகை (பஞ்சு அடைத்த குடுவை), தண்ணீர் ஊற்றியவரை விட்டு அடுத்தவர் மனைக்குக் காய் கொடுக்கும் முடத்தெங்கு (வளைந்த தென்னை) என்பவை அவை. உங்கள் ஆசிரியர் இவற்றுள் எதை ஒத்தவர் என்று கேட்டுப் பாருங்கள். "மோசமான வாத்தியார்" என்று மொத்தமாக ஒதுக்கிய ஒருவர், பாடம் நன்றாக அறிந்திருந்தும் அதை வரிசையாகச் சொல்லத் தெரியாத கழற்குடமாக மட்டும் இருந்திருக்கலாம். மிகவும் புகழப்பட்ட ஒருவர், தம்மிடம் தனிப்பயிற்சிக்கு வந்தவர்களுக்கு மட்டுமே காய்த்த முடத்தெங்காக இருந்திருக்கலாம்.

அடித்த ஆசிரியரை எழுதும்போது, குழந்தையாகப் பார்த்ததையும் இன்று நீங்கள் அறிந்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். முதல் பத்தியில் அடி விழுந்த கை, அது விழுந்த நாள், எதற்காக விழுந்தது, பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார் என்பவை இருக்கட்டும். அடுத்த பத்தியில் இன்றைய உங்கள் தீர்ப்பைச் சொல்லுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அதற்கு முந்தைய காலத்தைப் பற்றி "எல்லாரும்தான் அடித்தார்கள்" என்று சொல்லி முடித்துவிட நமக்கு ஆசை வரும். அப்படி முடிக்கும் முன், அதே ஆசிரியர் அறையில் அதே பிரம்பு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதைத் தொடாமல் வகுப்பை நடத்திய ஒருவரையாவது நினைத்துப் பாருங்கள். பெரும்பாலான பள்ளிகளில் அப்படி ஒருவர் இருந்தார். காலத்தை அளக்கச் சட்டத்தைவிட அவரே நல்ல அளவுகோல் என்பது என் எண்ணம்.

எழுதியதை உடன்படித்தவர் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள். எங்கள் வகுப்பாசிரியர் ஒருவரைப் பற்றி நான் பரிவோடு நாலு பக்கம் எழுதி என் நண்பனிடம் கொடுத்தேன். அவன் முழுவதும் படித்துவிட்டு, உதவித்தொகைப் படிவம் வரும் நாளில் அவர், சாதியின் பெயரைச் சொல்லி, "அந்தப் பிள்ளைகள் எழுந்து நில்லுங்கள்" என்று சொன்னது எங்கே என்று கேட்டான். எழுந்து நின்றவர்களில் அவன் ஒருவன். உட்கார்ந்திருந்தவர்களில் நான் ஒருவன். அந்தக் காட்சி என் கண் முன்னால்தான் நடந்தது, என்றாலும் என் நாலு பக்கத்தில் அது இல்லை. நான் எழுதிய நல்லவை எவையும் பொய்யல்ல என்பதால் அவற்றை நீக்கவில்லை. ஆனால் அவன் சொன்னதை அவன் ஒப்புதலோடு, அவன் சொற்களிலேயே, தொடக்கத்தில் சேர்த்தேன். உட்கார்ந்திருந்தவர்களின் நினைவை மட்டும் கொண்டு எழுதப்படும் ஆசிரியர் பாதி ஆசிரியர்தான். ஆகவே காட்டும்போது, உங்களைப் போல் முதல் பெஞ்சில் இருந்தவரை விட்டுவிட்டு, கடைசி பெஞ்சில் இருந்தவரையோ இடையில் படிப்பை நிறுத்தியவரையோ தேடிப் போங்கள்.

அன்புக்குரிய ஆசிரியரின் குறையை எப்படிச் சொல்வது என்பதற்கு உ.வே.சாமிநாதையரிடம் ஒரு வழி இருக்கிறது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறையும்வரை அவரிடம் பயின்ற ஐயர், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1933, 1934ஆம் ஆண்டுகளில் அவருடைய சரித்திரத்தை இரண்டு பாகங்களாக வெளியிட்டார். மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தாம் இசை கற்றுவந்ததையும், பிள்ளை அதை விரும்பாததால் நிறுத்திவிட்டதையும் பின்னாளில் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்தார். அவருடைய குருபக்தி தமிழுலகம் அறிந்தது. என்றாலும் அந்த இழப்பை அவர் மறைக்கவில்லை. என்ன நடந்தது, ஆசிரியர் என்ன கருதினார், நான் என்ன செய்தேன் என்று மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டால், பழியும் புகழும் இல்லாமலே உண்மை நிற்கும்.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போற்றும் நினைவில் பெயரை எழுதலாம். குறை சொல்லும் நினைவில் பெயரையும் பள்ளியையும் ஊரையும் விட்டுவிடுங்கள், ஏனெனில் மறுமொழி சொல்ல முடியாத முதுமையில் அவர் இருக்கலாம், அல்லது அவர் பிள்ளைகள் அதைப் படிக்கலாம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் நினைவு பாலியல் துன்புறுத்தலைப் பற்றியதாக இருந்து, அந்த மனிதர் இன்றும் குழந்தைகளிடையே இருக்கிறார் என்றால், கட்டுரையை நிறுத்திவிட்டு முதலில் காவல்துறையிடமோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணிலோ சொல்லுங்கள்.

ஆசிரியர் உயிரோடு இருந்தால், போற்றி எழுதியதை அவரிடமே கொண்டுபோய்க் கொடுங்கள். பார்வை குறைந்திருந்தால் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டுங்கள். அவர் திருத்துவார், அதற்கு இடம் விட்டு எழுதிக்கொண்டு போங்கள். புவியியல் ஆசிரியரின் வீட்டுத் திண்ணையில் நான் வரைபடப் பத்தியைப் படித்தபோது, அவர் கையமர்த்தி, "நான் பழவேற்காட்டில் தொடங்கியதே இல்லை தம்பி, எப்போதும் கன்னியாகுமரியிலிருந்து மேலே போவேன்" என்றார். என் கண்ணுக்குள் இன்றும் அந்தக் கோடு கீழ்நோக்கித்தான் வருகிறது. என் பத்தியை மாற்றாமல், அவர் சொன்னதை அதற்குக் கீழே தேதியோடு எழுதிக்கொண்டேன். பிறகு அவர் என் பேனாவை வாங்கி, தாளின் பின்புறத்தில், நடுங்கும் கையால், கன்னியாகுமரியிலிருந்து வரையத் தொடங்கினார்.