காடு வளர்க்கிறோம் என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் எட்டயபுரம் சாலையில் போய்க்கொண்டிருந்தேன். சாலையோரத்து மேட்டு நிலத்தில் பொக்லைன் ஒன்று ஆவாரைப் புதர்களை வேரோடு வழித்துக்கொண்டிருந்தது. வீட்டு மனைக்காக என்று நினைத்தேன். அருகில் போனால் கல்லூரி மாணவர்கள் இருபது பேர், பச்சை பனியன் போட்டுக்கொண்டு, கயிறு பிடித்துக் குழிக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்கள். “அண்ணா, இந்தப் பொட்டலைக் காடாக்கப் போகிறோம். ஜூன் 5 அன்று ஆயிரம் கன்று” என்றான் ஒருவன். முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசினேன். இயந்திரத்தை நிறுத்தினார்கள். அதற்குள் பாதி நிலம் போய்விட்டது.

அந்தப் பையனின் இடத்தில் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் நான் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். கன்றின் உறையைக் கிழித்துவிட்டு நட வேண்டும், ஆடு கடிக்காமல் முள் கட்ட வேண்டும், கோடையில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. முதல் ஆண்டிலேயே அவற்றை நீங்களே கற்றுக்கொள்வீர்கள். எத்தனை ஆண்டு ஆனாலும் தவறென்றே தெரியாமல் தொடரும் சிலவற்றைத்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் 5 அன்று நடுவது

உலகச் சுற்றுச்சூழல் நாள் ஜூனில் வருகிறது. தூத்துக்குடிக்கு மழை வருவது ஐப்பசியில். ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் அளவில் பெய்யும் அந்த மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் கிடைக்கிறது. இடைப்பட்ட மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று, கன்றின் இலையில் இருக்கும் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். ஜூனில் விழா வேண்டுமானால் விதை சேகரியுங்கள், நாற்றங்கால் போடுங்கள். ஐப்பசியில் நடுங்கள்.

உயிருள்ள நிலத்தைத் தரிசு என்று நம்புவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். இன்றைக்கும் இதைப் பார்க்கும்போது என்னால் பொறுமையாக இருக்க முடிவதில்லை.

அப்போது சித்திரை மாதம். வல்லநாட்டுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஆறு ஏக்கர் புறம்போக்கு எங்கள் குழுவுக்குக் கிடைத்தது. செம்மண்ணும் சரளையுமாக, அங்கங்கே ஆவாரை, சங்கஞ்செடி, இலந்தைப் புதர், நான்கைந்து குடைவேல் மரங்கள். காய்ந்த புல் முழங்கால் உயரத்துக்கு வெளுத்துக் கிடந்தது. எங்கள் கண்ணுக்கு அது வெறும் பொட்டல். இரண்டு நாள் பொக்லைன் ஓட்டிச் சமன்படுத்தி, 800 குழி எடுத்தோம். ஒரு முழம் தோண்டியதும் சுக்கான் என்கிற சுண்ணாம்புக் கல் தட்டியது. அதையும் உடைத்தோம். வேம்பு, புங்கை, நாவல், மகிழம் எல்லாம் வந்து இறங்கின.

முதல் நாளே ஒரு ஜோடி ஆள்காட்டிகள் எங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றின. அலகோரம் மஞ்சள் சதை தொங்கும் வகை. ஒன்று தரையில் இறங்கி, இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டே ஓடியது. அடிபட்ட பறவை என்று நினைத்து ஒரு பையன் அதைப் பிடிக்கப் பின்னாலேயே போனான். முட்டையிடமிருந்து நம்மை விலக்கிக் கூட்டிப்போக அது ஆடும் நாடகம் அது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி கூடு கட்டாது. தரையில் லேசாகக் கீறிய பள்ளத்தில், கூழாங்கற்களுக்கு நடுவே, பெரும்பாலும் நான்கு முட்டைகள் வைக்கும். சாம்பல் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டைகள்; கல்லோடு கல்லாக இருக்கும். வெயில் ஏறும்போது தாய் எங்கோ போய் வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஈரத்தோடு முட்டைமேல் உட்காரும். சூடு தணிப்பதற்காக. இதையெல்லாம் நான் படித்தது அடுத்த ஆண்டில். எங்கள் இயந்திரத்தின் சங்கிலித் தடம் போன வழியில் எத்தனை கூடுகள் இருந்தன என்பது யாருக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் வந்தார். கம்பை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்: “தம்பி, இங்கே என்ன இல்லை என்று இதையெல்லாம் கொண்டுவந்து வைக்கிறீர்கள்?” நான் அவருக்கு நிலத்தடி நீர், நிழல், ஆக்சிஜன் என்று பாடம் எடுத்தேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் ஆடுகளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது கோடை முடிந்தபோது 800 கன்றுகளில் மிஞ்சியவை 60 சொச்சம். நாவல் ஒன்றுகூட இல்லை. கிளறிவிட்ட மண்ணில் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் தாமாகவே வந்து மூடிக்கொண்டன. பழைய புல் திரும்பவில்லை. ஆள்காட்டியை அந்த ஆறு ஏக்கரில் இன்றுவரை நான் பார்க்கவில்லை.

‘தரிசு’ என்பது நிலத்தின் தன்மையைச் சொல்லும் சொல்லே இல்லை. அது வருவாய்க் கணக்குச் சொல். வரி வராத நிலம் வீண் நிலம் என்று ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு எண்ணியது. ‘தீர்வை ஏற்படாத தரிசு’ என்று பதிவேட்டில் இன்றும் இருக்கிறது. மத்திய அரசு வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பிலும் புதர்க்காடு ஒரு வகைத் தரிசாகவே வருகிறது. மூன்றில் ஒரு பங்கு நிலத்தில் காடும் மரமும் வேண்டும் என்ற இலக்கை 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை வைத்தது. அந்த இலக்குக்கு இடம் தேடும்போதெல்லாம் எல்லோர் கண்ணும் முதலில் போய் விழுவது மேய்ச்சல் புறம்போக்கின் மீதுதான்.

ஆனால் அந்த நிலத்தில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். வானம்பாடியும் காடையும் கௌதாரியும் தரையில் முட்டையிடுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பூனைப்பருந்துகள் பகலெல்லாம் புல்வெளிமேல் தாழப் பறந்து இரை தேடிவிட்டு, இரவில் புல்லுக்கு நடுவே தரையிலேயே தங்குகின்றன. மரம் அவற்றுக்கு வேண்டாம். விசிறித்தொண்டை ஓணான் திறந்த வெளியில் ஒரு கல்லின்மேல் ஏறி நின்று தொண்டையை விரித்துக் காட்டினால்தான் இணை கிடைக்கும். 2016இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்தின் அறிவியல் பெயரிலேயே ‘விசிறி’ என்ற நம் சொல் இருக்கிறது. வெளிமானை எடுத்துக்கொள்ளுங்கள். பகையைத் தூரத்திலேயே கண்டு ஓட்டத்தால் தப்பிக்கும் விலங்கு அது. வெளி போனால் மானும் போகும். வல்லநாட்டு மலையில் 1987 முதல் அதற்கென்று சரணாலயம் இருக்கிறது. கோடியக்கரையில் அதன் புல்வெளிக்குள் சீமைக் கருவேலம் புகுந்ததுதான் அங்கே பெரிய தலைவலி.

இதே தவறு நீலகிரியிலும் பழனி மலையிலும் மலையளவில் நடந்திருக்கிறது. சோலைகளுக்கு இடையே இருந்த புல்வெளிகளை வீண் இடம் என்று கருதி, சீகை (வாட்டில்), தைலம், பைன் மரங்களை நட்டு நிரப்பினார்கள். குறிஞ்சி பூப்பதும் வரையாடு மேய்வதும் அந்தப் புல்வெளிச் சரிவுகளில்தான். ஒருமுறை சீகை பிடித்த சரிவைப் புல்லுக்குத் திருப்புவதற்கு இன்று படும் பாடு கொஞ்சமில்லை.

புல்லைப் புல்லாகவே வைத்துக்கொள்ளத் தெரிந்த மக்களும் நம்மிடம் இருக்கிறார்கள். காங்கேயம், தாராபுரம் பக்கம் கொரங்காடு என்கிற மேய்ச்சல் நிலத்தைப் போய்ப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல் மரம், மேய்ச்சலுக்குக் காங்கேயம் மாடு. எங்கே மரம் நிற்க வேண்டும், எங்கே நிற்கக்கூடாது என்று அங்கே தலைமுறைகளாகத் தெரிந்திருக்கிறது.

ஆகவே ஒரு நிலம் உங்கள் கைக்கு வந்தால் ஓராண்டு எதையும் செய்யாதீர்கள். மாதம் ஒருமுறை விடியலில் நடந்து பாருங்கள். வளை, புற்று, புழுக்கை, தரையில் முட்டை, புல்லின் அடியில் பழைய தூர் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். முதல் மழைக்குப் பிறகு சிவப்புப் பட்டுப்பூச்சி (தம்பலப்பூச்சி) ஊர்கிறதா, புதரின்மேல் செங்காந்தள் ஏறுகிறதா என்று கவனியுங்கள். ஆடு மேய்க்கிறவர்களிடம் புல்லின் பெயர்களைக் கேளுங்கள். ஏழெட்டுப் பெயர்கள் அவர்கள் வாயிலிருந்து தடையில்லாமல் வந்தால் அந்த நிலத்தில் குழி தோண்ட வேண்டாம். அங்கே செய்ய வேண்டிய வேலை சீமைக் கருவேலக் கன்றுகளை மழைக்குப்பின் கையால் பிடுங்குவதும், பொக்லைன் வராமல் காப்பதும்தான். மரம் நடுவதற்கு ஓடைக்கரை, சாலையோரம், பள்ளி வளாகம், வயல் வரப்பு என்று வேறு இடங்கள் ஏராளமாக இருக்கின்றன.

‘நாட்டு மரம்’ என்ற பெயரை நம்புவது

நாற்றுப் பண்ணைக்காரர் நாட்டு மரம் என்று சொல்லிவிட்டால் போதும், எடுத்து வந்துவிடுகிறோம். எந்த நாட்டு, எந்த மண்ணுக்கு? கோயில்தோறும் நிற்கும் நாகலிங்கம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சியும் அந்தப் பக்கத்து மரம்தான். இவை வெளியிலிருந்து வந்தவை என்று சொன்னால் புரிந்துவிடும். நம்முடையதே இடம் மாறினால் என்ன ஆகும் என்பதுதான் பலருக்குப் புரிவதில்லை. மருது தாமிரபரணிக் கரையில் நூறாண்டு நிற்கும். பத்து மைல் தள்ளிச் சுக்கானில் வைத்தால் இரண்டாண்டு தாங்காது. நான் வைத்த நாவலுக்கும் அதே கதிதான்.

பக்கத்தில் பழைய சாஸ்தா கோயில் காடு இருந்தால் அதைப் பாருங்கள். உசிலை, குடைவேல், வன்னி, உகாய், காரை, விராலி, சூரை என்று அந்த மண்ணுக்கு உரியவை எல்லாம் பெரும்பாலும் அங்கேயே நிற்கும். மரத்தோடு சேர்த்துக் கொடியையும் புதரையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுகிறவர்கள் எப்போதும் மறந்துபோவது புதர்களைத்தான். விதை எடுப்பதற்கு முன் கோயில்காரர்களிடம் கேட்க வேண்டும். சுள்ளிகூட வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற கட்டுப்பாடு பல காடுகளில் உண்டு. அந்தக் கட்டுப்பாட்டால்தான் அந்தக் காடு இன்று உங்கள் கண்ணுக்குக் கிடைக்கிறது.

விதைப்பந்து வீசுவது

எதை, எங்கே, எப்போது என்று சொல்லத் தெரியாவிட்டால் வீசாதீர்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து வீசுவது குற்றமும்கூட.

சீமைக் கருவேலத்தை ஒரே நாளில் ஒழிப்பது

அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைக் கொண்டுவந்து வழித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அடுத்த ஆண்டு அதே இடத்துக்கு வந்து பார்ப்பதில்லை. அடிக்கட்டையை விட்டால் நான்கைந்து கிளையாகத் துளிர்க்கும். மண்ணுக்குள் கிடக்கும் விதை, கிளறியதும் முளைக்கும். நெற்றைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையையும் கொண்டுவந்து போடும். வேரோடு எடுத்து, எடுத்த இடத்தில் அந்தப் பருவத்திலேயே வேறு செடி வைத்து, மூன்று நான்கு மழைக்காலம் கன்று பிடுங்க ஆள் உண்டா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஆள் இல்லையென்றால் அரை ஏக்கரோடு நிறுத்துங்கள். கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் கொக்கும் நாரையும் கூடு வைத்திருக்கலாம். குஞ்சு பறக்கும்வரை தொடக்கூடாது. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களிடமும் பேச வேண்டும். வெட்டுவது அவர்கள் தொழில், உங்களைவிடச் சுத்தமாக வெட்டுவார்கள்.

குளத்தைக் கிண்ணமாக்குவது

தூர்வாரும்போது கரையைச் செங்குத்தாக வெட்டி, நடுவில் மண்ணைக் குவித்துத் திட்டு போட்டு, மேலே மரம் வைக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் உள்ளான் பறவைகளுக்குக் கால் அளவு தண்ணீர்தான் வேண்டும். இரை இருப்பது கரையோரச் சேற்றில். நெடுங்கால் உள்ளான் இன்னும் சற்று ஆழத்தில் நிற்கும். கரையின் சரிவு போய்விட்டால் முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகம் மட்டும்தான் மிஞ்சும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஆண்டுதோறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தன்னார்வலராக ஒரு நாள் போய் நின்று பாருங்கள். எந்தப் பறவை எந்த ஆழத்தில் நிற்கிறது என்று ஒரே காலையில் தெரிந்துவிடும். பொக்லைன்காரருக்கு வேலை சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.

கொசுவுக்குக் கம்பூசியா மீன் விடுவது

விடாதீர்கள். தவளைக் குஞ்சுகளையும் உள்ளூர்ச் சிறுமீன்களின் குஞ்சுகளையும் அது தின்றுவிடும்.

கூட்டின் படத்தை இடத்தோடு வெளியிடுவது

வேண்டாம்.

பட்ட மரத்தையும் மொட்டைப் பனையையும் வெட்டுவது

சுத்தம் செய்கிறோம் என்று முதலில் கோடரி வைப்பது இவற்றில்தான். இலை இல்லை, பலன் இல்லை, இடி விழுந்த மரம் என்று காரணம் சொல்வார்கள். மொட்டைப் பனையின் உச்சி உளுத்து உள்ளே குழியாகும். பச்சைக்கிளி, மைனா, பனங்காடை, புள்ளி ஆந்தை எல்லாம் அந்தப் பொந்துக்குப் போட்டி போடும். கூடு தோண்டத் தெரியாத இந்தப் பறவைகளுக்கு வேறு வீடு எளிதில் கிடைக்காது. எங்கள் ஊர் வாய்க்கால் கரையில் ஒரு மொட்டைப் பனை பதினோரு ஆண்டுகளாக நிற்கிறது. வெட்ட வந்தவர்களை நான் இரண்டு முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தத் தை மாதமும் மேல் பொந்தில் கிளி, கீழே பக்கவாட்டு ஓட்டையில் ஆந்தை.