டெக்சஸில் வீட்டு வரி மதிப்பீட்டைக் குறைக்கச் சொல்லி நாமே போய்க் கேட்பது எப்படி

ஏப்ரல் நடுவில் எங்கள் பேட்டை வாட்ஸாப் குழுவில் கிரிக்கெட், இட்லி மாவு, பியானோ டீச்சர் எல்லாம் பின்னுக்குப் போய்விடும். "உங்களுக்கு எவ்வளவு ஏத்தியிருக்கான்?" என்ற ஒரே கேள்விதான் ஓடும். வரிக்காக வீடுகளின் மதிப்பைக் கணிக்கும் அலுவலகமான அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அனுப்பும் மதிப்பீட்டுக் கடிதம் வந்துவிட்டது என்று அர்த்தம். இங்கே மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரத்தில் பெரிய பங்கு வீட்டின் தலையில்தான் விழுகிறது.

2022-ல் நானே நேரில் போய் இன்ஃபார்மல் ஹியரிங்கில், அதாவது அந்த அலுவலக மதிப்பீட்டாளரோடு உட்கார்ந்து பேசும் முறைசாராச் சந்திப்பில், பேசிவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். 2023-ல் 6,12,000 டாலர் என்று வந்த மதிப்பை 5,88,000 ஆக்கிக்கொண்டு வந்தேன். எங்கள் வரி விகிதத்துக்கு அது ஏறக்குறைய ஐந்நூறு டாலர் மிச்சம். இரண்டு வருடத்துக்கும் நடுவில் எனக்குப் பேச்சுத் திறமை ஒன்றும் கூடிவிடவில்லை. கையில் கொண்டுபோன ஒரு பக்கக் கணக்கு மட்டும்தான் வேறு.

படி 1: கடிதத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள்

சந்தை மதிப்பு என்று ஒன்றும், வரி போடுவதற்கான மதிப்பு என்று இன்னொன்றும் இருக்கும். குடியிருக்கும் வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் விலக்கு வாங்கியிருந்தால், அடுத்த வருடத்திலிருந்து இரண்டாவது எண் ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது. அதனால் சந்தை மதிப்பு 7,00,000 என்றும் வரி மதிப்பு 5,20,000 என்றும் இருக்கிற வீடுகள் உண்டு. அப்படிப்பட்டவர் மாங்கு மாங்கென்று வாதாடிச் சந்தை மதிப்பை 6,50,000-க்கு இறக்கினாலும் ஒரு காசு மிஞ்சாது. 5,20,000-க்குக் கீழே கொண்டுவர முடியும் என்று தோன்றினால் மட்டும் மேலே படியுங்கள். இல்லையென்றால் அந்த அரை நாளை வேறு எதற்காவது செலவிடுங்கள்.

ஹோம்ஸ்டெட் விலக்கே இன்னும் வாங்கவில்லையா? முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். பள்ளி மாவட்ட வரிக்கான மதிப்பில் மட்டும் 2023-ல் 1,00,000 டாலர் கழித்தார்கள். 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு அது 1,40,000. இன்ஃபார்மலில் எவ்வளவு பேசினாலும் இவ்வளவு குறையாது.

படி 2: ப்ரொடெஸ்ட் (மதிப்பீட்டை எதிர்க்கும் மனு) தாக்கல்

கடைசி நாள் மே 15, அல்லது கடிதம் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள். இரண்டில் எது பின்னால் வருகிறதோ அது. படிவம் 50-132 போதும். பெரும்பாலான கவுண்டிகளில் ஆன்லைனிலேயே செய்துவிடலாம். காரணம் கேட்கும் இடத்தில் இரண்டு பெட்டிகளையும் டிக் செய்யுங்கள்: சந்தை மதிப்பைவிட அதிகம் என்பது ஒன்று, மற்ற வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பது இன்னொன்று. ஒன்றை மட்டும் டிக் செய்துவிட்டு மற்றதைப் பேச நினைத்தால் வாயைத் திறக்க முடியாமல் போகலாம்.

"கேட்டால் ஏத்திடுவாங்களோ" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நாம் எதிர்த்துக் கேட்டதற்காகக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு மேல் ஏற்ற, இன்ஃபார்மலில் முடியாததை அடுத்து முறையாக விசாரிக்கும் குழுவுக்கு அதிகாரம் இல்லை.

தாக்கல் செய்யும்போதே, அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் நம் வீட்டைப் பற்றி வைத்திருக்கும் ஆதாரக் கட்டையும் கேட்டுவிடுங்கள். கேட்டால் முறையான விசாரணைக்கு 14 நாள் முன்பு தந்தாக வேண்டும். 2022-ல் நான் கேட்கவே இல்லை. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. அது கைக்கு வராமல் இன்ஃபார்மலுக்கு உட்காராதீர்கள்.

படி 3: நான் விழுந்த இடம்

முதல் வருடம் நான் செய்த கணக்கைச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். என் வீடு 2,850 சதுர அடி. இரண்டு தெரு தள்ளி 3,400 சதுர அடியில் ஒரு வீடு, அதற்குப் போட்ட மதிப்பு 6,80,000. வகுத்துப் பார்த்தால் சதுர அடிக்கு 200 டாலர். "அதே 200-ஐ எனக்கும் போட்டால் 5,70,000தானே வருகிறது?" என்று எக்செல் தாளை நீட்டினேன். எதிரே இருந்த மதிப்பீட்டாளர் மரியாதையான மனிதர். தாளைப் பார்த்தார், "பெரிய வீட்டுக்குச் சதுர அடி விலை எப்போதும் குறைவாகத்தான் வரும்" என்றார், அவ்வளவுதான்.

யோசித்தால் நியாயம்தான். மனை ஒன்று, அடுப்படி ஒன்று, ஏசி இணைப்பு ஒன்று. இந்தச் செலவெல்லாம் வீடு சிறியதோ பெரியதோ ஏறக்குறைய அதேதான். பெரிய வீட்டில் கூடுவது இன்னும் ஒரு படுக்கையறையும் கொஞ்சம் கூடமும். அந்தக் கூடுதல் சதுர அடிக்கு விலை குறைவு. மொத்த மதிப்பைச் சதுர அடியால் வகுத்து ஒப்பிட்டால் சிறிய வீட்டுக்காரர் எல்லாருமே ஏமாற்றப்பட்டது போலத் தெரியும்.

சரியான வழி இதுதான். ஒப்பிடும் வீட்டின் மதிப்பை எடுத்து, அந்த வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள வித்தியாசங்களுக்கு மட்டும் கூட்டிக் கழித்து, "அந்த வீடு என் வீட்டைப் போலவே இருந்திருந்தால் என்ன மதிப்பு?" என்று பார்ப்பது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது: நியாயமான எண்ணிக்கையில் ஒப்பிடத்தக்க வீடுகள், தக்கபடி சரிக்கட்டிய மதிப்பு, அவற்றின் இடைநிலை எண்.

சரிக்கட்ட எந்த விகிதத்தைப் போடுவது? இங்கேதான் ஆதாரக் கட்டு கைகொடுக்கிறது. அவர்களே ஒப்பீட்டு வீடுகளை வைத்து ஒரு அட்டவணை போட்டிருப்பார்கள். எனக்கு வந்ததில் கூடுதல் சதுர அடிக்கு 70 டாலர், நீச்சல் குளத்துக்கு 30,000, பழசு புதுசுக்கு ஒரு கணக்கு என்று எல்லாம் இருந்தது. அவர்கள் விகிதத்தையே எடுத்து, நான் தேர்ந்த வீடுகளுக்குப் போட்டேன். தன் எண்ணோடு யாரும் சண்டை போட மாட்டார்களே.

முதலில் 2022-ல் நான் பெருமையாக நீட்டிய வீட்டையே போட்டுப் பார்த்தேன். 550 சதுர அடி கூடுதல், 70-ஆல் பெருக்கினால் 38,500. கழித்தால் 6,41,500. என் 6,12,000-ஐவிட அதிகம்! நான் சாட்சிக்குக் கூட்டிப்போன வீடு எனக்கு எதிராகவே சாட்சி சொல்லியிருக்கிறது. அன்றைக்கு அந்த மனிதர் தாளை அமைதியாகத் திருப்பித் தந்தது அவர் பெருந்தன்மை.

பிறகு அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் எங்கள் பேட்டைக்கு அவர்கள் வைத்திருக்கும் குறியீட்டிலேயே, அளவிலும் வயதிலும் நெருங்கிய வீடுகளாகத் தேடினேன். 2,700 சதுர அடி, குளம் இல்லாதது, 5,75,000: 10,500 கூட்டினால் 5,85,500. 3,050 சதுர அடி, குளத்தோடு 6,40,000: அளவுக்கு 14,000, குளத்துக்கு 30,000 கழித்தால் 5,96,000. இப்படி ஐந்து வீடுகள். வரிசைப்படுத்தினால் 5,66,000, 5,79,000, 5,85,500, 5,96,000, 6,18,000. நடுவில் நிற்பது 5,85,500. அதுதான் நான் கேட்ட எண். 6,18,000 வந்த வீட்டை வேண்டுமென்றே பட்டியலிலிருந்து நீக்காமல் வைத்தேன். பாதகமான ஒன்றையும் சேர்த்திருந்தால் மற்ற நான்கையும் நம்புவார்கள்.

படி 4: வீட்டின் நிலைமை

மதிப்பிடும் நாள் ஜனவரி 1. ஏப்ரலில் ஆலங்கட்டி மழை கூரையைப் பிய்த்திருந்தாலும் அது இந்த வருடக் கணக்கில் வராது. ஜனவரி 1-க்கு முன்பே இருந்த குறைகள்தான் செல்லும். டாலஸ் பக்கம் முக்கியமானது அஸ்திவாரம். இந்த ஊர் மண்ணும் கோவில்பட்டிக் கரிசலும் ஒரே ஜாதி. மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும், வீட்டையும் சேர்த்துப் பிளக்கும். விரிசலின் படம் மட்டும் போதாது. பழுதுபார்க்கும் நிறுவனத்திடம் தேதியும் தொகையும் போட்ட மதிப்பீடு வாங்குங்கள். படத்தைப் பார்த்து "ஐயோ" என்பார்கள். எண் இருந்தால்தான் கழிப்பார்கள்.

சமீபத்தில் கடிதத்தில் உள்ளதைவிடக் குறைவாக வாங்கிய வீடா? வாங்கிய விலை போட்ட க்ளோஸிங் பத்திரத்தை விட வலுவான ஆதாரம் இல்லை. அதிகம் கொடுத்து வாங்கியவர்கள் பத்திரத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருங்கள். டெக்சஸில் விற்ற விலையை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் கிடையாது.

கருவிகளைப் பற்றி என் கருத்து: ஸில்லோ இணையதளம் காட்டும் மதிப்பீட்டைக் கொண்டுபோகாதீர்கள், யாரும் மதிப்பதில்லை. தெரிந்த ரியல்டர் (வீட்டுத் தரகர்) ஒருவரிடம், தரகர்கள் பயன்படுத்தும் எம்எல்எஸ் தரவுத்தளத்தின் விற்பனைப் பட்டியல் கேட்டு வாங்குங்கள். கணக்குக்குக் கூகுள் ஷீட்ஸ் தாராளம், ஆனால் கடைசியில் காகிதத்தில் அச்செடுங்கள், இரண்டு பிரதி. போனில் உருட்டிக் காட்டும் ஆதாரம் கோப்புக்குள் போகாது. சேமிப்பில் கால் பங்கிலிருந்து பாதிவரை கேட்கும் நிறுவனங்களுக்கு நான் எதிரியில்லை. வாடகை வீடுகள் நான்கைந்து வைத்திருப்பவருக்கு அது சரி. ஒரே வீட்டுக்கு எனக்கு மனசு வரவில்லை.

படி 5: அந்தப் பதினைந்து நிமிடம்

எதிரே இருப்பவர் வரி விகிதத்தைப் போடுகிறவர் இல்லை. அது கவுண்டி, நகரம், பள்ளி மாவட்டம் வேலை. "வரி தாங்க முடியவில்லை", "போன வருடம் இவ்வளவுதானே" என்று தொடங்கினால் பாதி நேரம் போய்விடும். வணக்கம் சொல்லி, தாளை நீட்டி, "உங்கள் சரிக்கட்டும் விகிதங்களையே போட்டிருக்கிறேன், இடைநிலை 5,85,500 வருகிறது" என்று சொல்லிவிட்டு அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்த மௌனம் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் தட்டச்சு செய்துகொண்டே இருந்தார். ஒரு வீட்டின் வயதைப் பற்றிக் கேட்டார். பிறகு 5,95,000 என்றார். நான் தாளைக் காட்டினேன். 5,88,000-ல் முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: கையெழுத்துப் போட்டுவிட்டால், அல்லது ஆன்லைனில் வந்த சலுகைக்கு 'ஏற்கிறேன்' பொத்தானை அழுத்திவிட்டால், அந்த வருடத்துக்கு அதோடு கதை முடிந்தது. திருப்தி இல்லையென்றால் நன்றி சொல்லி எழுந்துவிடுங்கள். அடுத்தது ஏஆர்பி எனப்படும் குடிமக்கள் குழுவின் முறையான விசாரணை. பெரும்பாலும் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே கணக்கு முதலிலிருந்து தொடங்கும், இன்ஃபார்மலில் தருவதாகச் சொன்ன எண்ணைப் பிடித்துத் தொங்க முடியாது. அதிலும் உடன்பாடில்லை என்றால் உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் நடுவர் தீர்ப்புக்கோ நீதிமன்றத்துக்கோ போகலாம்.

பின்சேர்க்கை 1: ஜூனில் ஊருக்குப் போகிறோம், விசாரணைத் தேதி அப்போதுதான் வந்திருக்கிறது என்று நிறையப் பேர் எழுதினீர்கள். ஏஜென்ட் வைக்காத உரிமையாளர் காரணம் சொல்லாமலே ஒருமுறை ஏஆர்பி விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம். போனில் பேசவும் வழி உண்டு. அதற்கு விசாரணைக்கு 10 நாள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும், ஆதாரத்தை உறுதிமொழிப் படிவத்தோடு அனுப்பிவிட வேண்டும். சென்னையிலிருந்து பேசுகிறவர்கள் நேர வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் அங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும்.

பின்சேர்க்கை 2: அப்பா அம்மா பெயரில் உள்ள வீட்டுக்காகப் போன ஒருவரை, "நீங்கள் உரிமையாளர் இல்லையே" என்று உட்காரவே விடவில்லையாம். படிவம் 50-162-ல் அவர்கள் உங்களை முகவராக நியமித்துக் கையெழுத்திட வேண்டும். பெற்றோர் அருகில் இருக்கும்போதே, தாக்கல் செய்யும் நாளிலேயே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.