சிறிய உடல்வாகுக்கு முதல் கிட்டார்: விரலை விடுங்கள், தோளைப் பாருங்கள்

“எனக்கு விரல் குட்டை, கிட்டார் சரிப்படாது” என்று யாராவது சொன்னால், வலது தோள் வலிக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். ஐந்தடியைத் தொடாத எனக்கும் அதே கதைதான். பழி விரலுக்குப் போனது. தொல்லை கொடுத்ததோ கிட்டாரின் பருமன். மாடி வீட்டு மாமி ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: “வீணையின் குடம் தரையில் உட்கார்ந்துகொள்ளும். இது முழுக்க உன் மடியில் ஏறி உட்கார்ந்திருக்கிறதே!”

மும்பையில் முதல் கிட்டார் வாங்கப் போகும், சிறிய உடல்வாகு கொண்ட பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன். சுருதி சேர்ப்பது, பிக் பிடிப்பது எல்லாம் வேறு இடங்களில் நிறையக் கிடைக்கும்.

முதலில்: அட்டையில் இருக்கும் அங்குலத்தை நம்பாதீர்கள்

38 அங்குலம், 39 அங்குலம், 41 அங்குலம் என்றுதான் இணையக் கடைகளில் போட்டிருக்கும். அது தலை முதல் அடி வரையிலான மொத்த நீளம். உங்கள் கைக்கும் தோளுக்கும் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. உங்களுக்கு வேண்டியவை மூன்று: உடலின் பருமன், உடலின் அகலம், ஸ்கேல் நீளம். ஸ்கேல் என்பது கழுத்தின் உச்சியில் உள்ள நட் முதல் அடியில் உள்ள சேடில் வரை கம்பி அதிரும் தூரம். தயாரிப்பாளரின் தளத்தில் மூன்றும் மில்லிமீட்டரில் இருக்கும். எங்குமே போடாத கிட்டாரை நான் வாங்கமாட்டேன். கடைக்குப் போகும்போது தையல்காரர் டேப் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

உட்கார்ந்து பார்ப்பது

கைப்பிடி இல்லாத நாற்காலி கேளுங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய வேண்டும். எட்டவில்லை என்றால் காலுக்கடியில் ஏதாவது போடச் சொல்லுங்கள். தொங்கும் காலோடு எந்தக் கிட்டாரும் சரியாக உட்காராது. வலது தொடையில் கிட்டாரை வைத்து, வலது கையை அதன்மேல் போட்டு, கண்ணாடி எதிரே இருந்தால் தோள்கள் இரண்டையும் பாருங்கள். வலது தோள் இடது தோளைவிட மேலே ஏறியிருந்தால் கிட்டாரை இறக்கி வைத்துவிடலாம். முழங்கை மடங்கும் இடம் கிட்டாரின் விளிம்பைத் தாண்டி வெளியே வர வேண்டும். விரல்கள் ஒலித்துளைக்கு நேராக, எட்டிப் பிடிக்காமல் விழ வேண்டும். பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு, அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை: மேல் விளிம்பு மார்பில் அழுத்தும். அப்போது நம்மை அறியாமலே கிட்டாரை வெளிப்பக்கம் சாய்ப்போம். சாய்த்தால் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாது. தெரிவதற்காகக் குனிவோம். முதுகு வலியின் பூர்வீகம் இதுதான்.

ஒரு நிமிடத்தில் எல்லாக் கிட்டாரும் சுகமாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் உட்காருங்கள். ஸ்வரம் எதுவும் தெரியாவிட்டாலும் சும்மா மீட்டிக்கொண்டிருங்கள்.

பெரும்பாலான கடைகளில் முதலில் கைக்கு வருவது டிரெட்நாட் வடிவம். 1906ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் அது. மார்ட்டின் நிறுவனம் 1916இல் இந்தப் பெரிய உடலைச் செய்தபோது பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டியது கான்செர்ட் உடல், அல்லது அதைவிடச் சிறியது. யமஹாவில் எஃப்ஜி800 டிரெட்நாட், எஃப்எஸ்800 அதன் சின்னத் தங்கை. அகலம் 412 மில்லிமீட்டரிலிருந்து 380 ஆகிறது; பருமன் 100-118 என்பது 90-110 ஆகிறது. தாளில் இது அற்பமாகத் தெரியும். மடியில் வைத்தால் தோள் கீழே இறங்குவது தெரியும். இன்னும் மெலிதாக வேண்டுமென்றால் யமஹாவின் ஏபிஎக்ஸ் வரிசை (ஒலிபெருக்கியோடு இணைக்கக்கூடியது) 80-90 மில்லிமீட்டர்தான். மின்னிணைப்பு இல்லாமல் வாசித்தால் ஓசை கொஞ்சம் மெலியும். மும்பையின் அடுக்குமாடிச் சுவருக்கு அது நல்லதே.

இடது கை: கேபோ சோதனை

பலரும் இடறி விழும் இடம் இது. நானும் இங்கேதான் வெகுநாள் நின்றேன்.

இடது கை வலித்தால் காரணம் இரண்டில் ஒன்று. ஸ்கேல் நீளமாக இருக்கலாம். அல்லது நட்டில் கம்பிக்கான பள்ளம் ஆழமில்லாமல், கம்பி உயரத்தில் நிற்கலாம். வலி இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும். தீர்வு மட்டும் வேறு வேறு. ஸ்கேல் காரணமென்றால் வேறு கிட்டார் வேண்டும். நட் காரணமென்றால் பழுதுபார்ப்பவரின் அரம் போதும்.

பிரித்தறிய ஒரு கேபோ கேளுங்கள்; எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கவ்வி அது. முதலாவது ஃபிரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, வீணையில் மெட்டு) மாட்டுங்கள். உதாரணமாக, 634 மில்லிமீட்டர் ஸ்கேல் இப்போது சுமார் 598 ஆகிறது. விரல் விரிப்பில் பெரிய மாற்றமில்லை. ஆனால் கம்பிகள் இப்போது நட்டை நம்பியிருக்கவில்லை. சி கார்டைப் (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் விரல் பிடி) பிடித்துப் பாருங்கள். சட்டென்று எளிதாகிவிட்டால் குற்றவாளி நட். இன்னும் விரல்கள் இழுபட்டால் கேபோவை இரண்டாவது ஃபிரெட்டுக்கு நகர்த்துங்கள். ஸ்கேல் சுமார் 565 ஆகும். அங்கே போனபிறகுதான் கை தளர்கிறது என்றால் உங்களுக்குத் தேவை உண்மையிலேயே குட்டை ஸ்கேல்.

கேபோ இல்லையா? ஒரு கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்திக்கொண்டு, முதலாவது ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். மெல்லிய காகிதம் நுழையும் அளவு சந்து இருந்தால் போதும். பளிச்சென்று இடைவெளி தெரிந்தால் நட் உயரம். இணையத்தில் வாங்கிய என் முதல் கிட்டாரில் அந்தச் சந்து தாராளமாக இருந்தது. எஃப் கார்டு வராததற்கு நான் என் ஆள்காட்டி விரலைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

நட்டை வீட்டில் அரத்தால் தேய்க்கவேண்டாம். கொஞ்சம் அதிகமானால் கம்பி ஃபிரெட்டில் உரசி இரையும். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள்: தடித்த கம்பிக்கு 2.5 மில்லிமீட்டர், மெல்லிய கம்பிக்கு 2 என்பது துவக்கநிலைக்கு வசதி. உயரம் அதிகமென்றால் சேடிலின் அடியைத் தேய்ப்பார்கள். ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் அங்கே அரை மில்லிமீட்டர் இறங்கும். கடையில் இதற்கு ‘செட்டப்’ என்று பெயர். விலை பேசும்போதே சேர்த்துப் பேசிவிடுங்கள்.

குட்டை ஸ்கேல் வேண்டுமென்றால்

சி கார்டில் ஆள்காட்டி விரல் முதல் ஃபிரெட்டிலும் மோதிர விரல் மூன்றாவதிலும் நிற்கும். 634 ஸ்கேலில் அந்த இரண்டு ஃபிரெட்டுகளுக்கும் இடையே சுமார் 65 மில்லிமீட்டர். 580இல் சுமார் 60. அதோடு, அதே கம்பியை அதே சுருதிக்கு ஏற்றினால் இழுவிசை சுமார் 16 சதவீதம் குறையும். அழுத்துவது இலேசாவதன் காரணம் பாதி இதில்தான் இருக்கிறது. லிட்டில் மார்ட்டின் 23 அங்குலம், டெய்லர் ஜிஎஸ் மினி 23.5 அங்குலம், யமஹா ஏபிஎக்ஸ்டி2 580 மில்லிமீட்டர். டெய்லரின் ஓசைக்கு நான் அடிமை. ஆனால் முதல் கிட்டாருக்கு அந்த விலை கொடுக்கச் சொல்லமாட்டேன்.

“புதியவர்களுக்கு நைலான் கம்பிதான் நல்லது” என்ற அறிவுரையை அரைமனதோடுதான் ஏற்கிறேன். விரல்நுனிக்கு இதம், உண்மை. ஆனால் முழு அளவு கிளாசிக்கல் கிட்டாரின் ஸ்கேல் 650. நட்டின் அகலம் 52 மில்லிமீட்டர். எஃகுக் கம்பிக் கிட்டாரில் அது 43 அளவில்தான் இருக்கும். சின்னக் கை அந்த அகலத்தில் திணறும். நைலான் வேண்டுமென்றால் 580 ஸ்கேல் உள்ள யமஹா சிஎஸ்40 போன்றதைப் பாருங்கள்.

எஃகுக் கம்பி வாங்கினால், 12இல் தொடங்கும் செட்டைக் (மிக மெல்லிய கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு) கழற்றிவிட்டு 10 அல்லது 11இல் தொடங்கும் செட் போடச் சொல்லுங்கள். கிட்டாரை மாற்றியது போலவே இருக்கும்.

எங்கே போய்ப் பார்ப்பது

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் இருப்பவர்கள் தோபி தலாவ் வரை போகச் சோம்பல்படாதீர்கள். 1865இல் தொடங்கிய ஃபர்ட்டாடோஸ் அங்கேதான் இருக்கிறது. நிறைய வடிவங்களை ஒரே மூச்சில் மடியில் வைத்துப் பார்க்கலாம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸில் இறங்கினால் நடை தூரம். திரும்பி வரும்போது மாலை ஐந்து மணிக்கு முன்பே ரயில் ஏறிவிடுங்கள். நெரிசலில் பெண்கள் பெட்டிக்குள் கிட்டாரோடு நுழைபவரை யாரும் கலைஞர் என்று கொண்டாடுவதில்லை. சின்ன உடல் வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் ஊர் மழைக்காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஒற்றைப் பலகையால் ஆன மேற்பகுதி ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஜூனில் இறங்கியிருந்த கம்பி ஆகஸ்டில் உயர்ந்து நிற்கும். ஒட்டுப்பலகை அவ்வளவு அசையாது. முதல் கிட்டாருக்கு ஒட்டுப்பலகையே போதும் என்பது என் கட்சி. ஓசைப் பிரியர்கள் சண்டைக்கு வரலாம். கம்பி துருப்பிடிக்காமலிருக்கப் பூச்சுள்ள கம்பிகள் கொஞ்சம் விலை கூடுதல், ஆனால் கடற்கரை நகரத்தில் தண்டச் செலவல்ல.

பின்சேர்க்கை

வாசகர்கள் சிலர் கேட்டதால் இரண்டு விஷயம்.

ஏற்கெனவே டிரெட்நாட் வாங்கிவிட்டவர்கள் அதை விற்க ஓடவேண்டாம். இடது காலுக்கடியில் சிறு பலகை போட்டு, கிட்டாரை இடது தொடையில் வைத்து, கழுத்தை மேல்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். கிளாசிக்கல்காரர்கள் உட்காரும் முறை. இடது கை பக்கத்தில் வந்துவிடும். தோள் பிரச்சினை குறையும், தீராது. உட்கார்ந்து வாசிக்கும்போதும் ஸ்ட்ராப் மாட்டிக்கொள்வது உதவும். கழுத்தின் அடியில் அதற்கான பொத்தான் பல கிட்டார்களில் இருக்காது. செட்டப் செய்பவரே பொருத்திவிடுவார்.

இன்னொன்று கிட்டலேலே, உகுலேலே அளவிலான ஆறு கம்பிக் குட்டிக் கிட்டார். 433 மில்லிமீட்டர் ஸ்கேல், மடியில் பூனைக்குட்டி அளவுதான் இடம் பிடிக்கும். விரல் வடிவங்கள் கிட்டாரில் உள்ளவையே. ஆனால் சுருதி உயரம்: ஐந்தாவது ஃபிரெட்டில் கேபோ மாட்டிய கிட்டார் எந்தச் சுருதியில் ஒலிக்குமோ, அதில்தான் ஒலிக்கும். வகுப்பில் எல்லோரோடும் சேர்ந்து சி பிடித்தால் உங்களுடையது எஃப் ஆகக் கேட்கும். தனியாகப் பாடிக்கொண்டு வாசிக்க வாங்கலாம். வகுப்பில் சேரப் போகிறீர்கள் என்றால் ஆசிரியரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.