சம்பள உயர்வு வந்த முதல் மாதத்தில் செய்ய வேண்டியவை

சம்பளம் கூடினால் மனநிறைவும் கூடுமா என்று கேட்டால், கூடும் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கூடிய பணம் எந்தச் செலவில் போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தே அது கூடும். புதிய சம்பளத்துக்கு ஒரு வீடு பழகிப்போக இரண்டு, மூன்று மாதங்கள் போதும். பழகிவிட்ட பிறகு அந்தத் தொகையைத் தனியே பிரித்தெடுப்பது மிகவும் கடினம் என்பதால், உயர்த்தப்பட்ட சம்பளம் கணக்கில் ஏறும் முதல் மாதத்திலேயே அமர்ந்து திட்டமிடுவது நல்லது. ஒரு நோட்டும் ஓய்வான ஒரு மாலைப் பொழுதும் இருந்தால் போதும்.

முதலில் உயர்வை ரூபாயில் எழுதாமல் விழுக்காட்டில் எழுதுங்கள். மாதம் 20,000 ரூபாய் வாங்குபவருக்கு 5,000 ரூபாய் கூடினால் அது கால் பங்கு உயர்வு. ஒரு லட்சம் வாங்குபவருக்கு அதே தொகை இருபதில் ஒரு பங்குதான். மகிழ்ச்சி வருமானத்தின் விகிதத்தை ஒட்டியே ஏறுகிறது என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் இருவரும் அமெரிக்கர்களின் ஏறத்தாழ 4,50,000 பதில்களை ஆராய்ந்து, ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டியபின் அன்றாட மகிழ்ச்சி மேலும் உயர்வதில்லை என்று 2010இல் எழுதினார்கள். மாத்யூ கில்லிங்ஸ்வொர்த் 33,391 பேரிடம் கைப்பேசி வழியாக அவ்வப்போது மனநிலையைக் கேட்டறிந்து, அந்த எல்லைக்கு மேலும் மகிழ்ச்சி ஏறுவதை 2021இல் காட்டினார். பிறகு கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் பார்பரா மெல்லர்ஸின் துணையோடு சேர்ந்து ஆராய்ந்து 2023இல் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: பெரும்பாலோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் ஏறுகிறது, மிகுந்த மனவருத்தத்தில் இருக்கும் சிறு பகுதியினருக்கு மட்டும் ஓர் அளவுக்குமேல் அது நின்றுவிடுகிறது. ஆகவே, உங்களை வாட்டுவது உறவின் இழப்போ மனச்சோர்வோ என்றால், சம்பள உயர்வு அதைத் தீர்க்கும் என்று காத்திருக்காமல் மருத்துவரையோ நம்பிக்கையான ஒருவரையோ முதலில் பாருங்கள்.

எழுதிய விழுக்காட்டிலிருந்து விலைவாசி உயர்வைக் கழித்துவிடுங்கள். சம்பளம் 8 விழுக்காடு ஏறி விலைகள் 6 விழுக்காடு ஏறியிருந்தால் உங்கள் கையில் மிஞ்சுவது ஏறத்தாழ 2 விழுக்காடுதான். இந்தத் தொகைக்குத்தான் திட்டமிட வேண்டும். பலரும் முழு உயர்வையும் மனத்தில் வைத்துப் புதிய தவணை ஒன்றில் கையெழுத்திட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, வீட்டில் மாதந்தோறும் யாருக்கு எது வலிக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். இதற்கு அதிக நேரம் கொடுங்கள். பணம் புதிய இன்பத்தைக் கொண்டுவருவதைவிடப் பழைய வேதனையை அகற்றுவதில் வல்லது என்பது என் அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் எனக்குச் சம்பளம் உயர்ந்தபோது தவணையில் ஒரு புதிய கைப்பேசி வாங்கினேன். அப்போது என் தாயாரின் இரண்டு வளையல்கள் அடகில் இருந்தன. கல்யாண வீடுகளில் அவர் முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொள்வதை நான் பலமுறை பார்த்தும் அதைச் செலவுக் கணக்கோடு சேர்த்து யோசித்ததில்லை. அடுத்த உயர்வு வந்தபோது முதல் வேலையாக அசலையும் வட்டியையும் கட்டி மீட்டோம். ஒரு வளையலில் உரைகல்லில் தேய்த்த தடம் மெல்லியதாகத் தெரிந்தது. தாயார் அதைக் கட்டைவிரலால் இரண்டு முறை தடவிப் பார்த்துவிட்டு அங்கேயே கையில் போட்டுக்கொண்டார். அந்தக் கைப்பேசி இப்போது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வளையல்களை இன்றும் நாள்தோறும் பார்க்கிறேன்.

கடன்களை எழுதும்போது வட்டி அதிகமானதை மேலே வையுங்கள். இரண்டு வட்டிக்கு வாங்கிய கைமாற்று என்றால் ஆண்டுக்கு 24 விழுக்காடு. கடன் அட்டையில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அதைவிடவும் கூடுதலாக ஆகலாம். இத்தகைய கடனை அடைப்பதற்கு ஈடான சேமிப்புத் திட்டம் எதையும் நான் அறியேன். கடன் தீர்ந்தபின், மூன்று மாதச் செலவுக்கான தொகை வங்கியில் சேரும்வரை அந்தத் தவணைப் பணத்தைத் தொடாமல் அப்படியே சேர்த்துவாருங்கள். நள்ளிரவில் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும்போது யாரிடம் கேட்பது என்று யோசிக்க வேண்டாத நிலை, வேறெந்தப் பொருளும் தராத நிம்மதி.

இதற்குமேல் மிஞ்சுவதில் ஒரு பகுதியை நேரத்துக்காகச் செலவிடுங்கள். கனடாவின் வான்கூவர் நகரில் வேலை பார்க்கும் 60 பேருக்கு இரண்டு வார இறுதிகளில் தலா 40 டாலர் கொடுத்து, ஒரு முறை நேரத்தை மிச்சப்படுத்தும் எதற்காவதும் மறுமுறை ஒரு பொருளுக்கும் செலவிடச் சொன்னார்கள். நேரத்துக்குச் செலவிட்ட நாளில்தான் அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்ததாக 2017இல் வெளியான அந்த ஆய்வு கூறுகிறது. நம் வீடுகளில் இது பெரும்பாலும் பெண்களின் நேரம். துணி துவைக்கும் இயந்திரமோ, பாத்திரம் துலக்க ஒரு துணையாளோ, ஆடம்பரம் என்று தள்ளப்படும் வேறொன்றோ, ஒருவரின் மாலைப் பொழுதை மீட்டுத் தருமானால் அதைத் தயங்காமல் செய்யுங்கள். வேலைக்கு வருபவருக்கு நியாயமான கூலியை முதலிலேயே பேசிக் கொடுங்கள்.

பிறருக்கென்றும் சிறு தொகையை ஒதுக்குங்கள். பெரிய தொகையாக இருக்க வேண்டியதில்லை.

உடன் வேலை செய்பவரின் சம்பளத்தை அறிந்துகொள்ளும் ஆவலைக் குறித்தும் எச்சரிக்கை தேவை. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஊழியர்கள் சிலருக்குச் சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கும் இணையதளம் ஒன்று இருப்பதை ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி, நடுச்சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது. மேலே இருந்தவர்களுக்கோ அது கூடவில்லை. சம்பளம் பேசப் போகும்போது ஒப்பீடு அவசியம், அநீதி நடந்திருந்தால் கேட்டே ஆக வேண்டும். அந்த நோக்கம் இல்லாதபோது கேட்டறிவதைத் தவிர்ப்பது நல்லது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இந்தத் தேதியையும், எந்த வலிக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்பதையும் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே வீட்டாரோடு அமர்ந்து, எது இன்னும் உறுத்துகிறது என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். முதலில் தாயாரையோ மனைவியையோ பேசவிடுங்கள். சம்பளம் வாங்குபவர் கடைசியாகப் பேசலாம்.